ரொமான்டசி நாவலை வாசிப்பு வட்டத்தில் வைக்கலாமா?

வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடித் தமிழ்ச் சிறுகதைகள் வாசித்து வருகிறீர்கள். இந்த முறை ஐந்நூறு பக்கத்துக்கு மேல் போகும் ஓர் ஆங்கில ரொமான்டசி நாவலை, அதாவது காதலும் மாயமும் கலந்த நாவலை, எடுக்கலாம் என்று இளையவர்கள் இருவர் சொல்கிறார்கள். மூத்தவர்கள் மூவருக்கு மனசு ஒப்பவில்லை. எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பத்து நிமிஷத்தில் நல்லா இருந்துச்சு என்று சொல்லி எல்லாரும் எழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது." எனக்கு அதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. இந்த மாதிரி நாவலில் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது, அதைக் கூச்சப்படாமல் எப்படிப் பேசுவது. இந்த இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் 31 வருஷம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பினாங்கில் எங்கள் வட்டம் தொடங்கி 12 வருஷம் ஆகிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வரும் ஒரு கணக்காளர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கும் ஒரு தம்பி, பல்கலைக்கழக மாணவிகள் இருவர், ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மருத்துவமனையில் மிஸ்ஸியாக (தாதியாக) இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா, அப்புறம் நான். இதுவரை வாசித்தவற்றில் இந்த வகை நாவல்கள் ஆறுதான். எல்லாம் மாணவிகள் கொண்டுவந்தவை. ஆறு நாவல்களையும் ஒரே ஒரு வட்டத்தையும் வைத்துத்தான் பேசுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், கையில் இருப்பது எந்த வகை நூல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காதல் வருகிற மாயக் கதைகள் எத்தனையோ உண்டு. அவை எல்லாமே ரொமான்டசி ஆகிவிடாது. காதலை உருவி எடுத்தால் கதை விழ வேண்டும். மாயத்தை உருவி எடுத்தாலும் விழ வேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்த பிறகும் கதை நிற்கிறது என்றால், உங்கள் மூத்தவர்களுக்கு அதில் பேச ஒன்றும் கிடைக்காமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. எங்களுடைய ஆறில் ஒன்று அப்படித்தான் இருந்தது. நாயகன் இறகோடு வந்தான், இறகு இல்லாமல் வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அந்தக் கூட்டம் உண்மையிலேயே பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: இது தனி நாவலா, தொடரின் முதல் பாகமா? இந்த வகையில் கடைசியில் காதலர் சேருவது வழக்கம்தான். ஆனால் தொடராக வரும்போது முதல் பாகம் பிரிவில் போய் நின்றுவிடுவதுண்டு. அப்படி முடிந்தால் பாதிப் பேர் இரண்டாம் பாகத்தைத் தேடி ஓடுவார்கள், மீதிப் பேர் ஏமாந்த முகத்தோடு வந்து உட்காருவார்கள்.

சரி, பேச என்ன இருக்கிறது? மூத்தவர்களிடம் இந்த நூலை எப்படி எடுத்து வைப்பது என்று யோசித்தபோது எனக்குக் கைகொடுத்தது காதலைப் பாடும் நம் அகத்திணை மரபுதான். களவு, அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதல், தொடங்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். காட்சிக்கு அடுத்து ஐயம். சோலையில் தலைவியைக் கண்ட தலைவனுக்கு முதலில் எழுகிற கேள்வி, இவள் மானுடப் பெண்தானா என்பது. காமத்துப்பாலின் முதல் குறளே, அதாவது 1081-ஆம் குறள், "அணங்குகொல்" (தெய்வப் பெண்ணோ) என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்த ஐயம் எதனால் தீரும் என்று தொல்காப்பியக் களவியல் அடையாளங்களையே அடுக்கித் தருகிறது: வண்டு, அணிகலன், மேனியில் எழுதிய கோலம், பூ, கண், தடுமாற்றம், இமைப்பு, அச்சம். தெய்வப் பெண் சூடிய பூ வாடாது, அவள் கண் இமைக்காது. இவள் பூ வாடியிருக்கிறது, கண் இமைக்கிறது. அதனால் இவள் மானுடப் பெண்தான் என்று அவன் தெளிகிறான். தெளிந்த பிறகுதான் காதல் மேலே நகர்கிறது.

ரொமான்டசி நாவலிலும் இதே ஐயம்தான் முதல் அத்தியாயங்களில் வரும். ஆனால் அங்கே அது மறுபக்கமாகத் தீர்கிறது. எதிரில் நிற்பவன் மனிதன் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் காதல் நகர்கிறது. நம் பாட்டில் தலைவன் நிம்மதியாக மூச்சுவிடுகிற இடத்தில் இங்கே தலைவிக்கு ஆபத்து ஆரம்பிக்கிறது. இதை நான் எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் சொன்னபோது, அதுவரை புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்றிருந்தவர் அன்று ராத்திரியே எடுத்து நான்கு அத்தியாயம் வாசித்துவிட்டார். உங்கள் மூத்தவர்களும் தமிழ்க் கதை வாசித்துப் பழகியவர்கள். இந்த வாசல் வழியாக அவர்களை அழைத்துப் பாருங்கள்.

உள்ளே வந்த பிறகு, எந்த ரொமான்டசி நாவலுக்கும் பொருந்துகிற ஒரு கேள்வி உண்டு. காதலிக்கிற இருவரில் யாருக்குச் சக்தி அதிகம், அந்த ஏற்றத்தாழ்வுக்கு விலை கொடுப்பது யார்? மாயத்துக்கென்று ஒவ்வொரு நாவலிலும் ஒரு விதி இருக்கும். இதைச் செய்தால் இது போகும், இன்ன இடத்தைத் தாண்டினால் திரும்ப முடியாது என்பது போல. பெரும்பாலும் அந்த விதி, காதலர் இருவருக்கும் நடுவில் இருக்கிற ஏற்றத்தாழ்வுக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்கும். விதியைப் பிடித்துக்கொண்டு பேசினால் பேச்சு தானாகக் காதலுக்கு வந்து சேரும்.

எங்கள் கூட்டம் ஒன்றைச் சொல்கிறேன். நாவலின் பெயரை விட்டுவிடுகிறேன். நாயகி ஒரு வைத்தியச்சி. தொட்டால் காயம் ஆறும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் நினைவிலிருந்து ஏதாவது ஒன்று போய்விடும். நாயகன் நானூறு வயதான ஒரு பனி நாட்டு அரசன். மாணவிகள் இருவரும் அவனுடைய வசனங்களுக்கெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மிஸ்ஸி அக்கா தன் புத்தகத்தைத் திறந்தார். பக்க ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். மொத்தம் பதினொன்று. அவள் எதை எதை மறந்தாள் என்று கணக்கு வைத்திருக்கிறார். முதல் கோடு தெருவில் விளையாடிய ஒரு விளையாட்டின் பெயர். ஏழாவது, அம்மா வைக்கும் கஞ்சியின் மணம். "நாலாவது தடவையிலேயே அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதற்கப்புறம் ஏழு தடவை பேசாம இருந்திருக்கான்" என்றார். அறையில் யாரும் பேசவில்லை. ஒரு மாணவி தன் ஒட்டுத்தாள்களைப் புரட்டிக்கொண்டே போனாள். அவளுக்கு மிகவும் பிடித்த வசனம் அந்த ஏழு தடவைக்குள் ஒன்றாக இருந்தது. "அவன் கேட்கவே இல்லையே அக்கா, அவளாகத்தானே செய்தாள்" என்றாள். அக்கா, "வார்டில நாங்களும் யாரும் கேட்காமத்தான் ரெண்டு ஷிஃப்ட் நிற்போம் பிள்ளை. பார்த்துக்கிட்டிருந்த டாக்டர் போய் உட்காருன்னு சொன்னா அது வேற" என்றார். அன்று இரண்டரை மணி நேரம் பேசினோம். நாயகனைக் கைவிடவும் மாணவிகளுக்கு மனமில்லை, அந்தப் பதினொரு கோட்டை அழிக்கவும் வழியில்லை. நீங்கள் பயப்படுகிற "நல்லா இருந்துச்சு" அன்று யார் வாயிலும் வரவில்லை.

இரண்டாவதாக, சொற்களைப் பற்றிப் பேசுங்கள். நூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் பேச்சைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கிலத்தில் வாசிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகிற சொல், தமிழில் சொல்ல உட்கார்ந்தால் தொண்டையில் நிற்கும். இந்த நாவல்களில் "மேட்" என்று ஒரு சொல் அடிக்கடி வரும். விதியே சேர்த்துவைத்த இணை என்று பொருள். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஒரு நாள் நாற்பது நிமிஷம் பேசினோம். ஆசிரியர் "துணை" என்றார். அதில் விதி இல்லையே என்று மாணவி மறுத்தாள். "பூர்வ ஜென்ம பந்தம்" என்றார் கணக்காளர். "விட்ட குறை தொட்ட குறை" என்றார் அக்கா. எனக்குத் தொல்காப்பியத்தின் "பாலது ஆணை" ஞாபகம் வந்தது. பால் என்றால் அங்கே ஊழ். ஒத்த தலைவனும் தலைவியும் ஊழின் ஆணையால் எதிர்ப்படுகிறார்கள் என்கிறது களவியல். ஆனால் அந்த நூற்பாவில் வருகிற வினை "காண்ப" என்பதுதான். ஊழ் அவர்களைக் காண வைக்கிறது. அதற்கு மேல் அவன் ஐயுற வேண்டும், குறிப்பறிய வேண்டும், தோழியிடம் போய் நிற்க வேண்டும். அவள் மனம் இணங்குவதை ஊழ் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவதில்லை என்று நான் வாசிக்கிறேன். ரொமான்டசியில் இந்தக் கோடு பல நேரம் அழிந்துவிடுகிறது. விதி சேர்த்துவிட்டது, ஆகவே அவள் மறுப்பதெல்லாம் வெறும் தாமதம் என்று கதை நடந்துகொள்ளும். உங்கள் நாவலில் அப்படி ஓர் இடம் வந்தால் நிறுத்திப் பேசுங்கள்.

அதே நூற்பா, "மிக்கோன் ஆயினும் கடிவரை இன்றே" என்று முடியும். தலைவன் உயர்ந்தவனாக இருந்தாலும் தடை இல்லை. இதைச் சொன்னதும் சின்ன மாணவி, "டீச்சர், அவள் உயர்ந்தவளாக இருந்தால்?" என்று கேட்டாள். நூற்பா அதைச் சொல்லவில்லை. ஆனால் இன்று எழுதப்படும் ரொமான்டசி நாவல்களில் பல, அந்த இடத்தைத்தான் எழுதிப் பார்க்கின்றன. ஒன்றுமில்லாதவளாக வந்தவள் முடிவில் அவனுக்குச் சமமாகவோ மேலாகவோ ஆகிறாள். எங்கள் ஆசிரியருக்கு இந்த வகையின் மேல் மதிப்பு வந்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். வயதையும் விட்டுவிடாதீர்கள். ஒத்த காதலருக்கு வேண்டிய பத்துப் பொருத்தங்களை அடுக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், ஆண்டையும் (வயதையும்) அதில் சேர்த்திருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணையும் நானூறு வயது அரசனையும் பார்த்து மூத்தவர்கள் முகம் சுளித்தால் அதைப் பழைய காலத்து மனசு என்று தள்ளிவிடாதீர்கள். இருவரில் யாருக்கு உலகம் அதிகம் தெரியும் என்ற நியாயமான கேள்வி அதற்குள் இருக்கிறது.

நம் ஊர்க் கதை ஒன்றும் உதவும். குனோங் லேடாங் மலை இளவரசி கதை மலாய்ப் பாடத்தில் படித்தவர்கள் உங்கள் வட்டத்திலும் இருப்பார்கள். மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். மலையிலிருந்து நிபந்தனைகள் வருகின்றன. மலாக்காவிலிருந்து மலை வரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், தட்டுத் தட்டாகக் கொசுவின் ஈரல், சாடி நிறையக் கண்ணீர், கடைசியில் சுல்தானின் மகனுடைய ரத்தம் ஒரு கிண்ணம். முடியாது என்று நேராகச் சொல்ல இடமில்லாத பெண், மறுப்பையே பரிசப் பட்டியலாக எழுதி அனுப்பிவிட்டாள். உங்கள் நாவலின் நாயகி "வேண்டாம்" என்று சொல்ல நினைத்தால் அவளுக்கு என்ன வழி இருக்கிறது என்று இந்தக் கதையை வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

இனி கூச்சம். நெருக்கமான காட்சிகள் இந்த வகையில் இருக்கும். இளையவர்கள் மிளகாய்க் கணக்கில் சொல்வார்கள், ஒரு மிளகாய், மூன்று மிளகாய் என்று. நூலை முடிவு செய்வதற்கு முன்பே மூத்தவர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வாங்கி வந்த பிறகு தெரிந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள், அது நியாயம்தான். எங்கள் ஏற்பாடு இது: நூலைக் கொண்டுவந்தவர் அந்தக் காட்சிகள் எந்த அத்தியாயங்களில் வருகின்றன என்று முன்கூட்டியே எழுதி அனுப்புவார். வேண்டாதவர் தாண்டிப் போகலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கூட்டத்தில் அந்தப் பக்கங்களை உரக்க வாசிப்பதில்லை. ஆனால் அந்தக் காட்சி நடந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் பேசுவதும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அவர்களுக்குள் என்ன மாறியது என்று மட்டும் கேட்போம். ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தக் காட்சி அங்கே எதற்கு என்ற கேள்வி தானாக எழும், அதைக் கூச்சமில்லாமல் எல்லாரும் பேசலாம். இடமும் முக்கியம். ஆரம்பத்தில் நாங்கள் ஓர் உணவகத்தில் கூடினோம். பக்கத்து மேசையில் எங்களில் ஒருவருடைய உறவினர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, இருவர் அடுத்த மாதம் வரவும் இல்லை. அதிலிருந்து யாராவது ஒருவர் வீட்டு ஹால்தான்.

நடைமுறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்நூறு பக்கத்தை ஒரே மாதத்தில் முடிக்கச் சொல்லாதீர்கள். நான்கு பங்காக்கி, இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். பங்கை அத்தியாய எண்ணால் பிரியுங்கள். ஒருவர் அச்சுப் பிரதி வைத்திருப்பார், ஒருவர் கைப்பேசியில் வாசிப்பார், ஷிஃப்ட் முடிந்து போகும் தம்பி காதில் கேட்பார். பக்க எண் யாருக்கும் ஒத்துவராது. ஒரு பெரிய முடிவை எடுக்கப்போகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒவ்வொரு பங்கையும் நிறுத்துங்கள். அந்தந்தக் கூட்டத்தில், அடுத்து அவள் எதை இழப்பாள் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவைப்போம். கடைசி நாளில் திறந்து வாசிப்போம். முந்தியே முடித்துவிட்டவரும் அந்தச் சீட்டு எழுதுவதால் வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. செலவு என்றால், ஒரு பிரதி 60, 70 வெள்ளி (ரிங்கிட்) ஆகலாம். இருவருக்கு ஒன்று என்று நான்கு வாங்கினால் போதும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளிக்குள் புத்தகச் செலவும் சேரும்.

இதுவரை சொன்னதில் பங்கு பிரிப்பது, முன்கூட்டிச் சொல்வது, தமிழில் பேசுவது, இந்த மூன்றும் எங்களுக்கு ஒவ்வொரு முறையும் பலன் தந்தவை. அகத்திணை வழியாக உள்ளே போவது எல்லா வட்டத்துக்கும் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எங்களில் இரண்டு பேர் தமிழ் கற்பித்தவர்கள், அதனால் எளிதாக இருந்தது. உங்களிடம் அப்படி யாரும் இல்லை என்றால் விதி, விலை என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே போதுமான சரக்கு. ஆண்களும் பெண்களும் கலந்த வட்டத்தில் நெருக்கமான காட்சிகளைப் பேசுவது எங்களுக்குக் கைகூடியதற்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் யாரும் எங்களோடு வாசித்ததில்லை. உங்கள் இளையவர்களில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஏற்பாடு அவருக்குச் சரி என்று நான் சொல்ல மாட்டேன், வேறு நூலை எடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு, இருவரும் முதன்முதலில் எதிர்ப்படுகிற அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இளையவர் ஒருவர் ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கட்டும், மூத்தவர் ஒருவர் அதையே தமிழில் சொல்லட்டும். எந்த வரியில் அவருக்குத் தமிழ் தட்டுகிறது என்று பார்த்து, பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள். எந்த நாவல் என்று முடிவானதும் எனக்கு எழுதுங்கள். நானும் வாசித்துப் பார்த்து, எந்தெந்த அத்தியாயத்தில் நிறுத்தலாம் என்று சொல்கிறேன்.